பாதியில் இருப்பதைக் கொண்டு வா

ஜாலஹள்ளியில் ஒரு மாடி அறை. கீழே வீடு, மேலே சிமென்ட் ஷீட் கூரை போட்ட நீளமான அறை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். வீட்டுக்காரர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பி.இ.எல்.) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'. அவர் போட்டிருந்த விதி ஒன்றே ஒன்றுதான்: முடிந்துபோன பொருளை இங்கே கொண்டு வரக் கூடாது.

முதல் தடவை போனபோது எனக்கு அது விளங்கவில்லை. சரியாக வேலை செய்யாத ஒன்றை எதற்குப் பத்துப் பேர் முன்னால் வைக்க வேண்டும்? கேட்டேன். "முடிஞ்சுட்டா அது கண்காட்சி தம்பி. பாதியில இருந்தாத்தான் அடுத்தவன் கை வைக்க இடம் இருக்கும்" என்றார். சொன்னபடியே அவர் முன்னால் மூடியில்லாத ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே ஜெனரல் பர்ப்பஸ் போர்டில் பாதி சால்டர் வைத்த சர்க்யூட். பாட்டு வாத்தியாரான தன் மனைவிக்காக அவர் செய்துகொண்டிருந்த எலெக்ட்ரானிக் தம்புரா அது.

பெங்களூரில் இப்படி ஓர் அறை அமைவதற்கு இந்த ஊரின் வரலாறு காரணம். எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை 1940-இல் வந்தது, ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலை 1948-இல், பி.இ.எல். 1954-இல். பி.இ.எல். 1961-இல் ரேடியோ வால்வுகளையும் அடுத்த ஆண்டில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் செய்யத் தொடங்கியது. அதே காலத்தில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து இங்கே கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்தும் ரயிலேறி வந்து இந்தத் தொழிற்சாலைகளில் சேர்ந்தவர்கள் ஏராளம். சார் குடியாத்தத்துக்காரர், அப்ரன்டிஸாகச் சேர்ந்தவர். மென்பொருள் வந்து ஊரின் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோவதற்கு வெகு முன்பே, சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்து ஒரு தலைமுறை இங்கே வாழ்ந்து முடித்திருந்தது. அந்தத் தலைமுறையின் கைப்பழக்கம் எனக்குக் கிடைத்தது பெரிய கொடுப்பினை.

நான் மென்பொருள் சோதனை வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன். சின்ன வயதில் 'புன்னகை மன்னன்' படத்து இசையை ரேடியோவில் கேட்டபோது, எந்த வாத்தியம் என்று பெயர் சொல்ல முடியாத அந்த ஒலிகள் மனதில் தங்கிவிட்டன. அவை சிந்தசைசர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கடையில் விற்கிற கீபோர்டை வாங்குவதில் எனக்கு ஆசை இல்லை. அந்த ஒலி எங்கிருந்து பிறக்கிறது, எந்தக் கம்பியைத் தொட்டால் அது மாறுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதனால் சனிக்கிழமைதோறும் எஸ்.பி. ரோட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

எஸ்.பி. ரோட்டைத் தெரியாத பெங்களூர் எலெக்ட்ரானிக்ஸ்காரன் கிடையாது. கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கம்ப்யூட்டர் கடைகளைத் தாண்டிச் சந்துக்குள் நுழைந்தால், ஆள் அகலமே உள்ள கடைகளில் கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். ரெசிஸ்டரைப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுப்பார்கள். ஐசி நம்பர் சொன்னால் கடைக்காரர் தலையைத் தூக்காமலே கையை மட்டும் நீட்டி எடுத்துவிடுவார். வந்தவன் முகத்தைப் பார்த்துக் கன்னடமா, ஹிந்தியா, தமிழா என்று முடிவு செய்துகொண்டு பேசுவார். ஞாயிறு காலையானால் சிக்பேட்டை ஓரத்தில் சண்டே பஜார். அங்கே பழைய கார் ஸ்டீரியோ, உடைந்த டேப் ரிக்கார்டர், யாரோ கழற்றி எறிந்த மோட்டார் எல்லாம் தரையில் பரப்பிக் கிடக்கும். சாரை நான் முதலில் பார்த்ததே ஒரு ஐசி கடையில்தான். நான் 40106 கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டவர், "ஓசைக்கா?" என்றார்.

40106 என்பது 14 கால் உள்ள ஒரு ஐசி. உள்ளே ஆறு ஷ்மிட் டிரிகர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டால் போதும், அது ஓர் ஆசிலேட்டராகிவிடும். ரெசிஸ்டருக்குப் பதில் பாட் என்ற திருகு ரெசிஸ்டரை வைத்துத் திருகினால் சுருதி ஏறி இறங்கும். சில ரூபாய்களில் ஆறு குரல். எங்கள் அறையில் ஒரு கல்லூரி மாணவி இருந்தாள், மல்லேஸ்வரத்துக் கன்னடப் பெண். பிஸ்கட் டப்பாவில் ஓட்டை போட்டு ஆறு பாட் பொருத்தி, ஆறு ஆசிலேட்டரையும் ஒன்றாக ஒலிக்கவிட்டுக் கொண்டுவந்தாள். ஒன்றும் ஒன்றும் சேராமல் ஆறும் ஆறு திசையில் இழுக்கும். தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைச்சல். அவளுக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது, எனக்கும்தான். பெங்களூரில் அப்படி ஒலியை ஒலியாகவே ரசிக்கிற கூட்டம் ஒன்று உண்டு. இந்தியன் சோனிக் ரிசர்ச் ஆர்கனைசேஷன் என்று, விண்வெளி நிறுவனத்தின் முதலெழுத்துகளே வரும்படி பெயர் வைத்துக்கொண்டு சோதனை இசை செய்பவர்கள். அல்சூர் மெட்ரோ நிலையத்தின் கீழே ஒர்க்பெஞ்ச் ப்ராஜெக்ட்ஸ் என்ற பொதுப் பட்டறை ஏற்பட்ட பிறகு இளைஞர்களுக்கு ட்ரில்லிங் மெஷினும் லேசர் கட்டரும் கைக்கெட்டின. எங்கள் அறையில் இருந்தது மின்னலைகளைத் திரையில் காட்டும் சாரின் பழைய சி.ஆர்.ஓ., ஒரு வைஸ், ரெண்டு சால்டரிங் அயர்ன். அவ்வளவுதான்.

ஆனால் எங்களிடம் இன்னொன்று இருந்தது: டீச்சரம்மாவின் காது.

சாரின் மனைவியை எல்லோரும் டீச்சரம்மா என்போம். கீழ் வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். வகுப்பு முடிந்ததும் காப்பித் தட்டோடு மேலே வருவார். வந்தவர் ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தால் தட்டை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார். போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு ஒரு மாத வேலை.

நான் பிரெட்போர்டில் அப்போது அமைத்துக்கொண்டிருந்தது வோல்டேஜால் சுருதி மாறும் ஆசிலேட்டர். அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மோக் 1960-களில் நிலைநிறுத்திய முறைப்படி, 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், அதாவது அதிர்வு இரட்டிக்க வேண்டும். இந்த இரட்டிப்பைச் செய்து தருவது ஒரு சாதாரண டிரான்சிஸ்டர். அதன் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சுமார் 18 மில்லிவோல்ட் கூடும்போதெல்லாம் அதில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். இயற்கை தந்த அந்தக் குணத்தைத்தான் சிந்தசைசர் பிழிந்து எடுக்கிறது. ஆனால் அதே டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது.

சார் அதைப் பாடமாக எடுக்கவில்லை. "டிரான்சிஸ்டர் மேல விரலை வை" என்றார். வைத்தேன். ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருந்த ஒற்றைச் சுரம் என் விரல் சூட்டில் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு அரைச்சுரத்துக்கும் மேலே போகும் என்று கணக்கு. விரலை எடுத்ததும் தயங்கித் தயங்கி இறங்கியது. சிமென்ட் ஷீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலைச் சாயங்காலம் விட்டுக் குளிரும் நேரம் அது. கூரை குளிரக் குளிர என் ஆசிலேட்டரும் இறங்கிக்கொண்டே இருந்தது. வகுப்பு முடிந்து மேலே வந்த டீச்சரம்மா, "இந்தச் சுருதியில யாரு பாடுவா? நிக்கவே மாட்டேங்குதே" என்றார்.

அடுத்து சார் செய்ததை நான் அப்படியே சொல்லியாக வேண்டும். ஃபேனை நிறுத்தினார். ஒரு டப்பாவிலிருந்து பிசி547 டிரான்சிஸ்டர்களைக் கொட்டினார். கையால் தொடாமல், துணிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப்பால் ஒவ்வொன்றாக எடுத்து ஒரே மின்னோட்டத்தில் வைத்து பேஸ் வோல்டேஜை மல்டிமீட்டரில் பார்த்தார். உடனே குறிக்க மாட்டார். எண் ஆடி ஆடி நிலைக்கும்வரை காத்திருப்பார். பிறகு மில்லிவோல்ட்டைத் துண்டுத் தாளில் எழுதி, டிரான்சிஸ்டரை அந்தத் தாளிலேயே குத்தி வைப்பார். சாயங்காலம் முழுதும் அதே வேலை. ஒரே எண் வந்த இரண்டை எடுத்து, தட்டையான முகங்கள் ஒட்டும்படி ஃபெவிக்விக் வைத்து, மேலே செம்புக் கம்பி சுற்றிக் கட்டினார். இனி ஒன்று சூடானால் மற்றதும் கூடவே சூடாகும். ஒன்று மேலே இழுக்கிற அளவுக்கு மற்றது கீழே இழுக்கும். ஆட்டத்தின் பெரும்பங்கு அங்கேயே அடங்கிவிடும். இதைப் புத்தகத்தில் நான் படித்திருந்தேன். ஆனால் எண் நிலைக்கும்வரை ஒரு மனிதர் பொறுமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது வேறு கல்வி. நாற்பது வருஷத் தொழிற்சாலை அந்த உட்காரலில் இருந்தது.

அந்தக் காலகட்டத்தில் மோக் பற்றி நான் நிறையப் படித்தேன். அவரும் எங்களைப் போல ஆரம்பித்தவர்தான். பையனாக இருக்கும்போதே அப்பாவோடு சேர்ந்து தெரமின் என்ற மின்னிசைக் கருவியைச் செய்து, பிறகு அதற்கான கிட்டுகளை விற்றுப் பிழைத்தவர். 1964-இல் ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளர் நியூயார்க் மாநிலத்து ட்ரூமன்ஸ்பர்க் ஊரில் மோக்கின் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார். மோக் அரைகுறையாகக் கட்டிய சர்க்யூட்டுகளை அவர் முன்னால் போட்டார். ஒலி வருகிறது, ஆனால் ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதற்கு வழியில்லையே என்றார் டாய்ச். பக்கத்துக் கடையில் ஒரு காலிங் பெல் பட்டன் வாங்கி வரச் சொன்னார் மோக். அந்தப் பட்டனிலிருந்து கிளைத்ததுதான் இன்று எல்லா சிந்தசைசரிலும் உள்ள என்வலப் என்ற பகுதி. முடித்துப் பெட்டிக்குள் மூடியபின் காட்டியிருந்தால் டாய்ச் பாராட்டிவிட்டுப் போயிருப்பார்.

நம் நாட்டுக்கும் மோக் சிந்தசைசர் சீக்கிரமே வந்தது. இசைக் கலைஞர் கீதா சாராபாயின் ஆர்வத்தால் 1969-இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் அகமதாபாத் வந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதை நிறுவிக் கொடுத்தார். சில ஆண்டுகள் அங்கே இந்தியர்கள் மின்னிசை செய்தார்கள். அதன் ஒலிநாடாக்கள் வெகுகாலம் கிடப்பில் இருந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அந்த ஒலிகளைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்து வந்தன. கருவி ஒரே ஒரு நிறுவனத்துக்குள் இருந்தது. அதைத் திறந்து பார்த்து, பக்கத்துத் தெருவில் ஒருவன் இன்னொன்று செய்ய வழியில்லை. செய்கிறவர்கள் கூட்டம் இல்லாத இடத்தில் கருவி தனிமரமாகிவிடுகிறது.

அதற்கு நேர்மாறான உதாரணம் நம் பெங்களூரிலேயே இருக்கிறது. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் செய்த எலெக்ட்ரானிக் தம்புரா 1979 டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிறகு அவருடைய ராடெல் நிறுவனத்தின் தம்புராக்களும் தாளக் கருவிகளும் பாட்டு வகுப்புகளிலெல்லாம் நுழைந்துவிட்டன. இன்று எந்த ஊர்ப் பாட்டு வாத்தியார் வீட்டிலும் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டி இருக்கும். சிந்தசைசர் என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் இந்தியாவில் பொறியாளர் ஒருவர் தன் இசைக்காகத் தானே செய்து, ஊரே ஏற்றுக்கொண்ட மின்னொலிக் கருவி என்றால் அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

டீச்சரம்மாவிடமும் கடையில் வாங்கிய பெட்டி ஒன்று இருந்தது. பிறகு ஏன் சார் தானே ஒன்று செய்தார்? "எப்படிப் பாடுதுன்னு தெரியணும்ல" என்பார். அவருடைய வழி அழகானது. நான்கு தந்திக்கு நான்கு ஆசிலேட்டர் வைத்தால் நான்கும் நான்கு பக்கம் நகரும். அதனால் ஒரே ஒரு தாய் ஆசிலேட்டர். அதன் அதிர்வை 3-ஆல் வகுத்தால் சட்ஜம், 4-ஆல் வகுத்தால் கீழே உள்ள பஞ்சமம், 6-ஆல் வகுத்தால் மந்தர சட்ஜம். கூரை சூடானாலும் குளிர்ந்தாலும் மூன்றும் சேர்ந்தே நகரும். அவற்றுக்குள் உள்ள உறவு ஒரு இம்மியும் பிசகாது. வகுத்தல் கணக்கு மட்டுமே சுருதி சேர்த்துவிடுகிறது. சி.ஆர்.ஓ. திரையில் மூன்று அலைகளும் ஆடாமல் அசையாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் புல்லரித்தது.

மீட்டிய தந்தி மெல்ல அடங்குவதைக் கொண்டுவர, எல்.இ.டி.யையும், வெளிச்சத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வைத்துக் கருப்பு டேப் சுற்றிய ஒரு சின்ன உருளையைச் செய்திருந்தார். எல்.இ.டி. மின்னி அணைந்ததும் எல்.டி.ஆர். உடனே மறக்காது. இழுத்து இழுத்துத்தான் பழைய நிலைக்கு வரும். அந்த இழுவையில் சுரம் மீட்டிய தந்தி போலவே தேய்ந்து மறையும்.

டீச்சரம்மா நின்று கேட்டார். "எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனா சவம் மாதிரி இருக்கே" என்றார்.

சார் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்தபடியே அடுத்த கூடலில் வைத்தார். ஏன் உயிர் இல்லை என்று பத்துப் பேரும் பேசினோம். தம்புராவில் குதிரையின் மேல் தந்திக்கு அடியில் நூல் வைப்பதால் தந்தி குதிரையை உரசி உரசி மேல்சுரங்களைக் கிளப்புகிறது, அந்த ஜீவா நமக்கு வரவில்லை என்று ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் பிஸ்கட் டப்பாப் பெண்தான் இன்னொன்றைச் சொன்னாள். "சார், நிஜ தம்புராவுல ரெண்டு சாரணித் தந்தியும் ஒரே மாதிரி இருக்குமா? கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்ல? என் டப்பாவுல ரெண்டைக் கிட்டக் கொண்டு வந்தா உம்ம் உம்ம்னு அலை வரும். உங்களோடதுல அது வரவே இல்லை." தன் டப்பாவைப் போட்டு, இரண்டு பாட்டை மட்டும் திருகிக் காட்டினாள். இரண்டு குரலும் நெருங்க நெருங்க அலை தாழ்ந்து, மூச்சு விடுகிற வேகத்துக்கு வந்து நின்றது.

சார் அனுசாரணி என்கிற இரண்டாவது சாரணித் தந்தியை மட்டும் தாயிடமிருந்து பிரித்து, 40106-இல் ஒரு தனி ஆசிலேட்டராக வைத்தார். மெல்லத் திருக ஒரு ப்ரீசெட். அதை டீச்சரம்மா கையில் ஸ்க்ரூ டிரைவரோடு கொடுத்துவிட்டார். அவர் திருகித் திருகி ஓரிடத்தில் நிறுத்தினார். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே பாட ஆரம்பித்தார். சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் பழகிய ஒரு பொறியாளர், இரைச்சலை விரும்பிய ஒரு பெண்ணின் டப்பாவிலிருந்து வேண்டிய பிசகை எடுத்துக்கொண்டார். அவள் டப்பா முடிந்த பொருளாக வந்திருந்தால் யாரும் அதை அப்படிக் கேட்டிருக்க மாட்டோம்.

மற்றவர்கள் செய்ததெல்லாம் சிந்தசைசர் இல்லை. சிவாஜிநகரில் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் பாய் ஒருவர் பழைய கார் ஸ்டீரியோ டெக்குகளைக் கொண்டு எக்கோ மெஷின் செய்துகொண்டிருந்தார். கேசட் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடும். பதிவு ஹெட்டிலிருந்து 1 செ.மீ. தள்ளி இன்னொரு ஹெட் வைத்தால் ஒலி 0.21 விநாடி தாமதித்துத் திரும்பி வரும். அவருக்கு அந்தக் கணக்கில் நாட்டமில்லை. ஹெட்டைத் தள்ளித் தள்ளி வைத்து, மைக்கில் 'ஹலோ' சொல்லிப் பார்த்தே இடத்தைப் பிடித்துவிடுவார். எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மேஜை மேல் வைக்கிற அளவில் ஒரு லேத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்போது முடியும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. முடியாமலே அதில் எல்லோருக்கும் வேலை நடந்தது.

எனக்கும் நடந்தது. ஆசிலேட்டர் ஒருவழியாகச் சுருதியில் நின்ற பிறகு, அதை எதைக்கொண்டு வாசிப்பது என்ற கேள்வி வந்தது. கீபோர்டு வைத்தால் பன்னிரண்டு படிகள், அவற்றுக்கு இடையில் ஒன்றும் கிடையாது. வோல்டேஜுக்கோ படியே இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். கும்பகோணத்தில் ப்ளஸ் டூ படித்தபோது இயற்பியல் லேபில் மின்னழுத்தமானி என்ற சோதனை செய்வோம். நீளமான பலகையில் கம்பி கட்டியிருக்கும். ஜாக்கியை எங்கே தொடுகிறோமோ அங்கே நீளத்துக்கு ஏற்ற வோல்டேஜ். மார்க்குக்காகச் செய்த அந்தச் சோதனை ஒருநாள் பஸ்ஸில் போகும்போது நினைவுக்கு வந்தது. பலகையில் மெல்லிய நிக்ரோம் கம்பியை 90 செ.மீ. நீளத்துக்கு இழுத்துக் கட்டி, முனைகளுக்கு இடையே 3 வோல்ட் கொடுத்தால், 30 செ.மீ.க்கு ஒரு ஸ்தாயி. இரும்பு உருளையால் கம்பியைத் தொட்டு நகர்த்தினால் சுரம் கோட்டுவாத்தியம் போல வழுக்கும். நிக்ரோமுக்கு இன்னொரு நல்ல குணம், சூட்டால் அதன் ரெசிஸ்டன்ஸ் அதிகம் மாறாது.

கம்பியும் பலகையும் மட்டுமாக நான் கொண்டுபோனேன். எச்.எம்.டி.காரர் உருளையை வாங்கிப் பார்த்து, "இது கம்பியைச் சுரண்டும்" என்று தன் லேத்தில் மாட்டி, விளிம்பை மழுக்கிப் பளபளவென்று ஆக்கித் தந்தார். பாய், கம்பியைத் திருகு வைத்து இறுக்காமல் ஒரு பக்கம் ஸ்ப்ரிங் வைக்கச் சொன்னார். தளர்ந்தாலும் தானே இழுத்துக்கொள்ளும். நான் பலகையில் கீபோர்டுக் கணக்குப்படி 2.5 செ.மீ.க்கு ஒரு பென்சில் கோடு போட்டிருந்தேன்.

டீச்சரம்மா தம்புராவைப் போட்டுக்கொண்டு பலகை முன்னால் உட்கார்ந்தார். கோடுகளைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருளையைச் சட்ஜத்திலிருந்து நகர்த்தினார். பஞ்சமம் என் கோட்டின் மேலேயே வந்து நின்றது. உற்றுப் பார்த்தால் அரை மில்லிமீட்டர் மேலே. அந்தர காந்தாரத்துக்கு வந்தார். என் கோடு 10 செ.மீ.யில் இருந்தது. அவர் உருளை அதற்கு முன்பே நின்றுவிட்டது. "உன் கோட்டுல வச்சா காந்தாரம் தூக்கலா இருக்கு" என்றார். நான் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 5-க்கு 4 என்ற இயற்கையான விகிதத்துக்கு வர வேண்டிய இடம் 9.66 செ.மீ. மல்டிமீட்டர் காட்டியதைவிட அந்த அம்மாளின் காது காட்டியதுதான் எனக்குப் பிரமிப்பு. உலகத்துக் கீபோர்டுகளெல்லாம் ஒப்புக்கொண்டு விட்டுக்கொடுத்த அந்த மூன்று மில்லிமீட்டரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் ரப்பரால் கோடுகளை அழித்துவிட்டு அவர் நிறுத்துகிற இடங்களில் புதிதாகக் கோடு போட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் ஒத்துழைத்தார். பிறகு தோடியைத் தொட்டார். உருளை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருந்தது, காந்தாரம் என்று ஓரிடத்திலும் நிற்கவில்லை. பென்சிலோடு காத்திருந்த என்னைப் பார்த்து, "தோடிக்கு எங்க கோடு போடுவே?" என்று கேட்டார். பென்சிலை வைத்துவிட்டேன். அதன்பிறகு அந்தப் பலகையில் சட்ஜ பஞ்சமங்களுக்கு மட்டுமே கோடு.

வீணை பழகியவர் என்பதால் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. வீணையில் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும். இந்தப் பலகையில் எல்லா ஸ்தாயிக்கும் ஒரே தூரம். கை பழைய வழக்கத்தில் மேல் ஸ்தாயியில் குறைவாகவே நகரும், சுரம் எட்டாது. பழக மாதங்கள் பிடித்தன. ஆனால் ஒருமுறை பழகியபின் எந்த ஸ்தாயியிலும் ஒரே கமகத்துக்கு ஒரே அசைவு என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

2020-இல் கொரோனா வந்து கூடல் நின்றது. வீடியோ காலில் கூடிப் பார்த்தோம். சரிப்படவில்லை. விடாமல் ஒலிக்கிற தம்புராவை அந்த மென்பொருள் ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அறுத்துவிடும், ஆள் பேசினால் மட்டும் கேட்கும். சால்டர் வாசனை இல்லாமல், அடுத்தவர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாமல், எங்களுக்கு அது கூடலாகவே படவில்லை. ஊர் திறந்ததும் மறுபடி சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே வந்து சேர்ந்தோம்.

இப்போது டீச்சரம்மா தன் மாணவர்களுக்கு ஒரு பலகை கேட்கிறார். சுருதி சேர்ந்த இடத்தைப் பிள்ளைகள் காதால் மட்டுமல்ல, கை நகர்ந்த தூரத்தாலும் உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். 90 செ.மீ.க்கு எட்டு வயதுப் பிள்ளையின் கை எட்டாது. ஸ்தாயிக்கு 20 செ.மீ.யாகச் சுருக்கலாமா என்றேன். "அப்ப காந்தார வித்தியாசமும் சுருங்கிடும்ல? அதுங்களுக்குத்தான் அது பெரிசாத் தெரியணும்" என்று மறுத்துவிட்டார். பிள்ளைகள் பாடுவது மந்தர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம் வரைதான், அது இரண்டு ஸ்தாயி, 60 செ.மீ. போதும் என்று அவரே வழியும் சொன்னார். சார் மறுபடி ஃபேனை நிறுத்திவிட்டு டிரான்சிஸ்டர் ஜோடி பொறுக்குகிறார். பாய் ஸ்ப்ரிங் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கல்லூரி முடித்து வேலைக்குப் போய்விட்ட மல்லேஸ்வரத்துப் பெண், கம்பியை விட்டுக் கை எடுத்தாலும் கடைசிச் சுரம் நிற்கும்படி ஒரு சின்ன சர்க்யூட் யோசித்திருக்கிறாள். கெபாசிட்டர் சீக்கிரம் கசிந்து சுரம் இறங்குகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம்.